ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை: ஒரு ரோட்டரி சங்கத்தின் வருஷம்

சின்ன ஊர்களில் பஸ் ஸ்டாண்ட் நிழற்குடை, அரசுப் பள்ளிக் கழிப்பறை, ஆஸ்பத்திரித் தண்ணித் தொட்டி என்று எங்கே பார்த்தாலும் ஒரு கிரானைட் கல் பதிச்சிருக்கும். மேலே பல்சக்கரம் இருந்தா ரோட்டரி, சிங்க முகம் இருந்தா அரிமா சங்கம். கீழே தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள். கடைசி வரியில் 2011-12, 2017-18 என்று ஒரு வருஷம். சோழர் கல்வெட்டில் ராஜாவின் பெயரோடு ஆட்சியாண்டு வருமே, கிட்டத்தட்ட அது மாதிரிதான். ஒரே ஒரு வித்தியாசம், இங்கே எல்லா ராஜாவுக்கும் யாண்டு ஒன்று மட்டும்தான். யாண்டு இரண்டு கிடையாது.

இந்தக் குறிப்பு அந்த யாண்டு ஒன்றைப் பத்தினது. நான் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை. எங்க ஊர் (விருதுநகர் மாவட்டம்) ரோட்டரி சங்கத்தில் செயலாளரா இருந்த ஒரு நண்பர், தன் வருஷத்துச் செய்தி மடல்களை மொத்தமா அனுப்பி வச்சார். படிச்சப்ப வந்த முதல் கேள்வி, வருஷம் ஏன் ஜூலையில் தொடங்குது? பள்ளிக்கூடத்துக்கு ஜூன், வருமான வரிக்கு ஏப்ரல், நமக்குச் சித்திரை. ஜூலை எங்கிருந்து வந்தது?

பதில் ரொம்பச் சாதாரணம். ஆடிட்டர் சொன்னார், மாத்திட்டாங்க.

பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூணு நண்பர்களோட 1905 பிப்ரவரி 23-ல் சிகாகோவில் ஆரம்பிச்சது ரோட்டரி. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருத்தர் ஆபீஸில் சுழற்சி முறையில் கூடினதால் அந்தப் பெயர். 1910-ல் முதல் மாநாடு நடந்தது. மாநாடு முடிஞ்ச மறுநாள், ஆகஸ்ட் 18, அவங்களோட முதல் நிதியாண்டு தொடங்கிச்சு. அதாவது மாநாடு எப்பவோ அப்பத்தான் வருஷப் பிறப்பு. 1912-ல் கணக்கைத் தணிக்கை பண்ணச் சொன்னாங்க. தணிக்கையாளர்கள், ஜூன் 30-ல் கணக்கை முடிச்சா மாநாட்டுக்கு முன்னாடி அறிக்கை தயார் பண்ண நேரம் கிடைக்கும்னு யோசனை சொன்னாங்க. 1913 ஏப்ரலில் அது முடிவாச்சு. அப்ப மாநாடு ஜூலை, ஆகஸ்ட் மாசங்களில்தான் நடந்துக்கிட்டிருந்தது. வெயில் தாங்கலைன்னு 1917-லிருந்து மாநாட்டை ஜூனுக்கு மாத்திட்டாங்க. மாநாடு நகர்ந்துபோச்சு, அதுக்காக வச்ச தேதி மட்டும் அப்படியே நின்னுபோச்சு. பழைய மென்பொருளில் யாரோ எப்பவோ எழுதின ஒரு வரியைத் தொடப் பயந்து இன்னிக்கும் ஓட்டிக்கிட்டு இருக்கோமே, அதே கதை.

இந்தியாவுக்கு முதலில் வந்தது கல்கத்தாவில், 1919-20-ல். சென்னையிலும் கொழும்பிலும் 1929-ல் சங்கங்கள் வந்தன. சிகாகோவின் ஜூலையும் கூடவே வந்தது. நம்ம ஊர்ச் சங்கத்துப் பொருளாளர் ரோட்டரிக்கு ஜூலை-ஜூன் கணக்கும், அறக்கட்டளை இருந்தா வருமான வரிக்கு ஏப்ரல்-மார்ச் கணக்கும் தனித்தனியா வச்சுக்கணும்.

சரி, ஜூலை 1-ல் என்ன ஆகுது? எல்லாரும் மாறுறாங்க. சங்கத் தலைவர் மட்டும் இல்லை, சங்கங்களுக்கு மேல இருக்கிற மாவட்ட ஆளுநர், உலகத்துக்கே ஒருத்தரான ரோட்டரி சர்வதேசத் தலைவர் வரைக்கும் பதவிக் காலம் ஒரே வருஷம். (இது கலெக்டர் மாவட்டம் இல்லை, பல வருவாய் மாவட்டங்கள் சேர்ந்த ரோட்டரி மாவட்டம்.) சுமார் 12 லட்சம் உறுப்பினர்கள் உள்ள ஒரு அமைப்பு, தன் தலைமை முழுசையும் ஒரே நாளில் மாத்துது. இதுக்குத் தயாரிப்பு உண்டு. பதவியேற்புக்குக் குறைஞ்சது 18 மாசத்துக்கு முன்னாடியே தலைவரைத் தேர்ந்தெடுத்துடணும்னு விதி. அதனால எந்த நேரத்திலும் ஒரு சங்கத்தில் நடப்புத் தலைவர், போன வருஷத் தலைவர், அடுத்த வருஷத் தலைவர் மூணு பேரும் ஒரே அறையில் இருப்பாங்க.

எங்க ஊர் மடல்களில் முதல் நாலு இதழும் பணியேற்பு விழாதான். கழுத்தில் மாட்டுற பதக்கச் சங்கிலியைப் பழைய தலைவர் கழட்டிப் புதியவருக்குப் போடுற படம், சால்வை, நினைவுப் பரிசு, மேடையில் "ஆன்ஸ்". உறுப்பினர்களின் மனைவிகளை இன்னும் அப்படித்தான் சொல்றாங்க. 1914-ல் ஹூஸ்டன் மாநாட்டுக்குப் போன ரயிலில் ஆன் ப்ரன்னியர் என்ற உறுப்பினரின் மனைவியை மத்தவங்க செல்லமா "ரோட்டரி ஆன்" என்று கூப்பிட ஆரம்பிச்சு ஒட்டிக்கிட்ட பெயர் அது. பெண்களே உறுப்பினரா வர 1989 வரைக்கும் ஆச்சு. அதுவும் கலிபோர்னியாவில் டுவார்ட்டி என்ற ஊர்ச் சங்கம் பெண்களைச் சேர்த்ததுக்காக வெளியேத்தப்பட்டு, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987-ல் தீர்ப்பு வந்த பிறகு. இப்ப பெண் தலைவர் இருக்கிற சங்கங்களின் பிளக்ஸிலும் "ஆன்ஸ்" இருக்கு. அந்தத் தலைவரோட கணவருக்கு என்ன பெயர்னு கேட்டேன், நண்பர் சிரிச்சுட்டு விட்டுட்டார்.

ஜூலை மாசத்து முதல் வேலை மரம் நடுறது. புதுத் தலைவர், புது உற்சாகம், உடனே படம் எடுக்கலாம். அமெரிக்க வருஷம் நம்ம ஊர் மழையோட மோதுற இடம் இதுதான். தென்மேற்குப் பருவமழையால் எங்க பக்கம் பெரிசா ஒண்ணும் நனையாது. எங்களுக்கு மழைன்னா வடகிழக்குப் பருவமழை, ஐப்பசி, கார்த்திகை. ஜூலை நடுவில் பிறக்கிற ஆடியில் காத்து அம்மியையே பறக்க வைக்கும்; முழங்கால் உயரக் கன்று என்ன ஆகும்? 'ஆடிப்பட்டம் தேடி விதை'ன்னு சொல்லுவாங்களேன்னு நீங்க கேக்கலாம். அது உழுது வச்சுக் கூடவே ஆள் இருக்கிற நிலத்துக்கு. நட்டுட்டு வேனில் ஏறிப் போயிடற ரோட்டோரக் கன்றுக்கு இல்லை. ஜூலையில் நட்டா அக்டோபர் வரை லாரித் தண்ணி ஊத்தணும். அக்டோபரில் நட்டா வானம் பாத்துக்கும். ஆனா அக்டோபரில் சங்கத்துக்கு வேற வேலை வந்துடுது.

அந்த நாட்காட்டி ஏறக்குறைய நிலையானது. ஜூலை 1 மருத்துவர் தினம், பட்டயக் கணக்காளர் தினம், இரண்டுக்கும் பாராட்டு. ஆகஸ்ட் 15 கொடியேற்றம், ரத்ததானம். செப்டம்பர் 5 நல்லாசிரியர் விருது. அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்ததான தினம், 24 உலக போலியோ தினம். இடையில் மாவட்ட ஆளுநரின் அதிகாரபூர்வ வருகை. அன்னிக்கு மட்டும் ஒரு நாளில் நாலஞ்சு நலத்திட்டம் இருக்கும், தையல் மெஷின், மூணு சக்கர வண்டி, நோட்டுப் புத்தகம். ஜனவரியில் பொங்கல். மார்ச்சில் பரீட்சை எழுதுற பிள்ளைங்களுக்கு அறிவுரை. ஏப்ரல், மே, ஜூனில் மடல் மெலிஞ்சு போகுது. கணக்கு முடிக்கிறது, விருதுக்கு விண்ணப்பிக்கிறது, அவ்வளவுதான்.

இதில் ரத்ததானத்தைக் கொஞ்சம் நின்னு பாக்கணும். சாதாரணமா பயன்படுத்துற பையில் ரத்தச் சிவப்பணுக்கள் 35 நாள் தாங்கும், கூடுதல் கரைசல் சேர்த்தா 42 நாள். தட்டணுக்கள் 5 நாள்தான். இந்திய விதிப்படி ஒரு ஆண் 90 நாளுக்கு ஒரு தடவையும் பெண் 120 நாளுக்கு ஒரு தடவையும் கொடுக்கலாம். இப்ப நாட்காட்டியை இதோட பக்கத்தில் வைங்க. ஆகஸ்ட் 15-க்கு எல்லாச் சங்கமும் முகாம் நடத்துது. அரிமா சங்கம் நடத்துது, கட்சிக்காரங்க நடத்துறாங்க, கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்திலும் நடக்குது. அன்னிக்கு வந்த சிவப்பணுக்கள் செப்டம்பர் கடைசிக்குள் காலாவதி. கொடுத்தவங்க நவம்பர் நடு வரைக்கும் திரும்பக் கொடுக்க முடியாது. ஏப்ரல், மேயில் கல்லூரி லீவு, வெயில், முகாமே இல்லை. அந்த மாசங்களில்தான் ரத்த வங்கிகளில் தட்டுப்பாடு. விபத்தும் பிரசவமும் மே மாசம் லீவு எடுக்கிறதில்லை. தலசீமியா குழந்தைகளுக்கு ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்தியே ஆகணும். இங்கே குறை நல்ல மனசில் இல்லை, தேதியில்தான்.

கண் சிகிச்சை முகாம் இதுக்கு நேர் எதிர். ஒரு வருஷத் தலைமைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இருக்க முடியாது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் மருத்துவமனை, முகாம் வேலையை ரெண்டாப் பிரிச்சது. இடம் பிடிக்கிறது, நோட்டீஸ், ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராச் சொல்றது, வந்தவங்களுக்குச் சாப்பாடு, இதெல்லாம் ஊர்ச் சங்கத்தின் பொறுப்பு. பரிசோதனை, அறுவை சிகிச்சை, மருந்து ஆஸ்பத்திரியின் பொறுப்பு. ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்தில் முகாம். வரிசையில் பார்வை, கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை பாத்து, கண்புரைன்னு தேர்வானவங்களைச் சாயங்காலமே பஸ்ஸில் ஏத்தி மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. "வீட்டுல கேட்டுட்டு அடுத்த வாரம் வர்றேன்"னு போற பாட்டி திரும்பி வர்றது அபூர்வம்ங்கிறது அனுபவத்தில் தெரிஞ்ச விஷயம். லென்ஸ், தங்கல், சாப்பாடு எல்லாம் இலவசம். சில நாளில் அதே பஸ்ஸில் ஊருக்கு. ஒரு மாசம் கழிச்சு அதே பள்ளிக்கூடத்தில் மறுபரிசோதனை. பழைய காலத்தில் அந்தப் பள்ளிக்கூட ஹாலிலேயே வரிசையா அறுவை சிகிச்சை செஞ்சாங்க, தொத்து பயத்தால அது நின்னுடுச்சு.

இந்த ஏற்பாட்டில் சங்கத் தலைவர் வருஷா வருஷம் மாறினாலும் ஒண்ணும் கெட்டுப்போறதில்லை. ஆஸ்பத்திரி மாறலையே. நோயாளியின் பதிவேடும் மறுபரிசோதனையும் அவங்ககிட்ட இருக்கு. சங்கம் செய்ய வேண்டியது ஒரு ஞாயித்துக்கிழமைக்கான வேலை.

அப்படியும் முகாமுக்கு ஒரு எல்லை உண்டு. தென்தமிழ்நாட்டுக் கிராமங்களில் செஞ்ச ஒரு ஆய்வு 1999-ல் வெளியாச்சு. கண்ணில் குறை இருந்தவங்களில் 7 சதவீதத்துக்கும் குறைவானவங்கதான் முகாமுக்கு வந்திருந்தாங்க. இலவசம், பக்கத்து ஊர், மைக்கில் கூப்பிட்டாங்க, அப்படியும். பயம், செலவு, கூட்டிட்டுப் போக ஆள் இல்லாதது எல்லாம் காரணம். இலவச முகாமுக்கு என்ன செலவுன்னு தோணும். ஒரு நாள் கூலி போகுது, கூட வர்றவரோட கூலியும் போகுது, அதுதான் செலவு. முகாம் முடிஞ்சதும் "இன்று 300 பேர் பயனடைந்தனர்" என்று செய்தி வரும்; வராதவங்க கணக்கு எந்த மடலிலும் வராது. அரவிந்த் இந்த முடிவைப் பாத்துட்டு, வருஷத்துக்கு ஒரு நாள் வர்ற முகாமோட, தினமும் திறந்திருக்கிற சின்னப் பார்வை மையங்களையும் 2004 வாக்கிலிருந்து திறக்க ஆரம்பிச்சது. டாக்டர் வீடியோவில், தொழில்நுட்பப் பணியாளர் நேரில். இன்னிக்கு அவை நூத்துக்கும் மேல.

ஒரு வருஷத் தலைமை நிஜமாவே தோத்துப்போற இடம், ஒரு நாளில் முடியாத வேலை. பள்ளிக்கூடத்துச் சுத்திகரிப்புக் குடிநீர் மெஷினை எடுத்துக்குங்க. வாங்கி மாட்டித் திறப்பு விழா நடத்த ஒரு மாசம் போதும். ஆனா வடிகட்டிகளை மாசக் கணக்கில் மாத்தணும், உள்ளே இருக்கிற சவ்வை ரெண்டு மூணு வருஷத்தில் மாத்தணும், எங்க பக்கத்து உப்புத் தண்ணிக்கு இன்னும் சீக்கிரமாவே. மாட்டினவர் அப்ப முன்னாள் தலைவர். நடப்புத் தலைவருக்கு அடுத்தவர் திட்டத்துக்கு வடிகட்டி வாங்கிக் கொடுக்கிறதால கல்லும் கிடையாது, மதிப்பெண்ணும் குறைவு. அவர் வேற பள்ளிக்கூடத்தில் புது மெஷின் மாட்டுவார். நான் பாத்த ஒரு பள்ளியில் பழைய மெஷின் மேல சத்துணவுப் பாத்திரம் கவுத்து வச்சிருந்தாங்க. பராமரிப்புக்கு ஆள் போடாமல் புது அம்சமா வெளியிட்டுக்கிட்டே இருக்கிற எந்த மென்பொருள் நிறுவனத்திலும் இதைப் பாக்கலாம்.

இது ரோட்டரிக்குத் தெரியாத விஷயம் இல்லை. பெரிய உலகளாவிய மானியத்துக்குத் திட்டச் செலவு குறைஞ்சது 30,000 டாலர், நம்ம பணத்தில் சுமார் 25 லட்சம் இருக்கணும்னு வச்சிருக்காங்க. முதலில் ஊருக்கு என்ன தேவைன்னு ஆய்வு பண்ணணும். பணம் தீர்ந்த பிறகு யார் பராமரிப்பாங்கன்னு விண்ணப்பத்திலேயே எழுதணும். ரோட்டரியின் பணத்துக்கும் ஒரு தனிக் கடிகாரம் உண்டு. உறுப்பினர்கள் வருடாந்திர நிதிக்குக் கொடுக்கிற பணத்தை மூணு வருஷம் முதலீட்டில் வச்சிருந்துட்டு, அப்புறம் ஏறக்குறைய பாதியை அந்த மாவட்டத்துக்கே திட்டம் போடத் திருப்பித் தர்றாங்க. இன்னிக்குத் தலைவர் வசூலிச்சுக் கொடுக்கிற பணத்தை, மூணு வருஷம் கழிச்சு வர்ற ஆளுநர் காலத்தில் செலவு பண்ணுவாங்க. கல்லில் பெயர் போட முடியாத கொடை அது.

இத்தனைக்கும் இதே அமைப்பு 1985-லிருந்து ஒரே வேலையில் நாப்பது வருஷமா நிக்குது, அது போலியோ. 12 கோடி டாலர் திரட்டணும்னு ஆரம்பிச்சு 1988-க்குள்ள 24.7 கோடி திரட்டினாங்க. அந்த வருஷம்தான் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் எல்லாம் சேர்ந்து ஒழிப்பு முயற்சியைத் தொடங்கின. அப்ப 125 நாடுகளில் வருஷத்துக்கு சுமார் 3,50,000 குழந்தைகளுக்குப் போலியோ. இந்தியாவில் 2009-ல் 741 பேர், 2010-ல் 42, 2011-ல் ஒரே ஒரு குழந்தை, ஹவுராவில், ஜனவரி 13. அதுக்கப்புறம் இல்லை. 2014 மார்ச் 27-ல் சான்றிதழ் கிடைச்சது.

ஒரு வருஷ ராஜாக்கள் இதை எப்படிச் செஞ்சாங்க? எனக்குப் புரிஞ்ச வரை, இந்த வேலையைத் தலைவர்கள் கையில் விடலை. பணம் தனி நிதியில் இருந்தது. நாட்டுக்கு நாடு போலியோ குழு, அதுக்குப் பல வருஷம் தொடர்ந்த பொறுப்பாளர்கள். இந்தியக் குழுவுக்கு தீபக் கபூர் நீண்ட காலம் தலைவரா இருந்தார். இலங்கையில் போர் நடந்தப்ப, சொட்டு மருந்து நாட்களில் இரண்டு தரப்பும் சண்டையை நிறுத்தி வைக்கப் பேச்சு நடத்தின குழுவை வழிநடத்தியவர் கொழும்புச் சங்கத்தின் கே.ஆர். ரவீந்திரன். அவர் ரோட்டரியின் உலகத் தலைவரா ஆனது அதுக்கெல்லாம் ரொம்பப் பின்னாடி, 2015-16-ல். ஊர்ச் சங்கத்துக்கு விட்டது கண் முகாம் மாதிரியே ஒரு ஞாயித்துக்கிழமை வேலைதான். பந்தல், ஐஸ் பெட்டி, குழந்தையின் சுண்டு விரலில் மை, தன்னார்வலர்களுக்கு மத்தியானச் சாப்பாடு.

சில ஊர்ச் சங்கங்களும் இதே வழியைத் தாங்களாவே கண்டுபிடிச்சிருக்கு. தினமும் நடக்கணும்கிற வேலையைச் சங்கத்திலிருந்து பிரிச்சு நிலையான அறக்கட்டளைக்குக் கொடுத்துடுறது. கொங்குப் பக்கம் எரிவாயு மயானங்களை ரோட்டரி தொடங்கின அறக்கட்டளைகள் நடத்துறதைப் பாக்கலாம். சென்னைத் தரமணியில் ரோட்டரி பெயரில் இயங்குற ரத்த வங்கியும் நிலையான ஏற்பாடுதான். பிணம் எரிக்கவும் ரத்தம் சேமிக்கவும் வருஷா வருஷம் புதுக் கொள்கை தேவையில்லை.

ரத்தக் கணக்கை நண்பர்கிட்ட சொன்னேன். ஆகஸ்ட் 15-க்கு ஊரே கொடுக்குது, நீங்க உங்க முகாமை மே முதல் வாரத்துக்கு மாத்துங்கன்னேன். "மே மாசம் நாங்க கணக்கு முடிச்சுக்கிட்டு இருப்போம் சார், மாவட்ட விருதுக்கு எல்லாம் ஏற்கனவே அனுப்பியாச்சு"ன்னார். ரெண்டு நாள் கழிச்சு அவரே போன் பண்ணினார். அடுத்த வருஷத் தலைவர்கிட்ட பேசிட்டாராம். கல்லூரி லீவுங்கிறதால மில் தொழிலாளர்களைக் கேக்கலாம்னு அவர் யோசனை. ஆகஸ்ட் 15-ல் கொடுத்தவங்க பட்டியலை அவர்கிட்ட ஜூன் 30-க்குள்ள கொடுத்துடணும், இல்லேன்னா அது பழைய செயலாளர் லேப்டாப்பிலேயே தங்கிடும்னும் சொன்னார். பட்டியலை எக்செல்லில் போட்டுக் கொடுக்கிற வேலை இப்ப எனக்கு.